அலரும் அச்சும்: இலட்சுமிகாந்தன் வழக்கும் கோவைத் திரையுலகும்

தமிழ் இதழியலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாட்டு விடுதலைக்கும் சமுதாயச் சீர்திருத்தத்திற்கும் மொழி வளர்ச்சிக்கும் உழைத்த இதழ்களையே பெரிதும் எடுத்து ஓதியுள்ளனர். அது முறையே. எனினும் மக்கள் மறைவாக வாங்கி, விரைவாகப் படித்து, பின் பிறர் காணாமல் எறிந்துவிட்ட தாள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவை மொழிக்கு ஏதும் செய்யாமற் போயிருக்கலாம். மனிதர்க்குச் செய்தன சில உண்டு. அவற்றுள் தலையாயது 1944-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை வேப்பேரிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு கொலையும், அதன் பின் நடந்த வழக்குமாம். சென்னையில் நிகழ்ந்தமையால் அதனைச் சென்னை வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்வது வழக்கமாயிற்று. கொங்கு நாட்டின் பக்கம் நின்று அதனை நோக்கின் வேறு சில உண்மைகள் புலனாகின்றன என்பது எம் துணிபு. அவற்றை எடுத்துக் காட்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கோவை நகரின் நிலையைக் கூறுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படங் காட்டினார். அவர் பின்னர்க் கோவையில் நிலைத்து, 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் அரங்கைக் கட்டினார். அவ்வரங்கின் பெயரே இன்றும் ஒரு தெருவின் பெயராக வழங்குகின்றது. பஞ்சாலைகளால் பொருள் பெருகிய நகரில் அப்பொருளின் ஒரு பகுதி திரைத்தொழிலிற் பாய்ந்தது இயல்பே. 1930-களில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. கந்தன் ஸ்டூடியோவும் அதனை அடுத்துப் பட்சிராஜா ஸ்டூடியோவும் வந்தன. நூல் நூற்ற ஊர் படமும் நூற்றது என்று அக்காலத்தார் நகையாகச் சொல்லியிருப்பின் அது பொருந்தும். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய இரண்டும் கோவையில் உருப்பெற்றவை. பின்னவை, சென்னைப் பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று இன்றும் பேசப்படுவது. முன்னதை இயக்கியவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. கோவைத் திரைத்தொழிலின் தூண்களுள் ஒருவர் அவர்.

பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய இம்மூவரையும் ஒரே குற்றக் கூண்டில் நிறுத்தியது இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு. முதலிருவர் பெயரைத் தமிழ் மக்கள் இன்றளவும் அவ்வழக்கோடு சேர்த்து நினைக்கின்றனர். மூன்றாமவரை மறந்தனர். மறந்தமைக்குக் காரணம் அவர் விசாரணையின் முடிவிலேயே விடுவிக்கப்பட்டார் என்பதுதான். விடுதலை பெற்றவர்க்குக் கதையில் இடமில்லை. இவ்வொன்றே பரபரப்புச் செய்தியின் இயல்பை நன்கு விளக்குவதாகும். குற்றச்சாட்டு செய்தியாகின்றது, குற்றமின்மை செய்தியாவதில்லை.

இனி, கொலையுண்ட சி.என். இலட்சுமிகாந்தனின் வாழ்க்கையைச் சுருங்கக் காண்போம். ஆவணங்களைப் பொய்யாகப் புனைந்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டு, தப்பியோட முயன்று, அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். அப்போர்க் காலத்தில் இலட்சுமிகாந்தன் சென்னையில் இருந்தார். 1943-இல் 'சினிமா தூது' என்னும் வார இதழைத் தொடங்கினார். திரை நடிகர், நடிகையரின் தனிவாழ்க்கையை, அதிலும் படுக்கையறைச் செய்திகளை, எழுதுவதே அவ்விதழின் தொழில். எழுதாமல் இருத்தற்கும் விலை உண்டு என்று அக்காலத்தார் கூறினர். இதழ் நன்கு விற்றது. வாங்கியவர் யார் என்று கேட்டால் ஒருவரும் கை தூக்கார், ஆயினும் விற்றது.

இந்நிலையில் திரையுலகத்தார் செய்தது ஆராய்தற்குரியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகள் அவதூற்றைக் குற்றமாக்கி 1860 முதலே இருந்துவந்தன. எனினும் அவதூறு வழக்குத் தொடுப்பவன் தானே சாட்சிக் கூண்டில் ஏறித் தன்னைப்பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் மீண்டும் ஊரறியக் கேட்டல் வேண்டும். புண்ணை ஆற்ற அதனை மீண்டும் கீறுதல் போல்வது அது. பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் விண்ணப்பம் செய்தனர்; அரசு இதழின் உரிமத்தை நீக்கிற்று. போர்க் காலமாதலின் காகிதமும் உரிமமும் அரசின் கையில் இருந்தன. ஆட்சியாளரின் ஒரு கையெழுத்தில் இதழ் நின்றது.

ஆனால் இலட்சுமிகாந்தன் நிற்கவில்லை. 'இந்துநேசன்' என்னும் பழைய இதழொன்றைத் தம் கைக்குக் கொண்டுவந்து அதன் பெயரால் பழைய தொழிலையே நடத்தினார். திரையுலகோடு நில்லாமல் பிற துறைப் பெரிய மனிதர்களும் அதன் பக்கங்களில் இடம்பெற்றனர். பகைவர் தொகை பெருகிற்று என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்து எம் கருத்தொன்றைக் கூற விரும்புகின்றோம். அன்றைய அரசிடம் அச்சுத்தொழிலை அடக்கும் கருவிகள் குறைவாக இல்லை. ஈரோட்டிலிருந்து 1925 முதல் வெளிவந்த 'குடி அரசு' இதழில் 1933-இல் எழுதப்பட்ட ஒரு தலையங்கத்திற்காகப் பெரியார் ஈ.வெ. இராமசாமி சிறை சென்றார். 1931-ஆம் ஆண்டின் பத்திரிகை நெருக்கடிச் சட்டம் தேசிய இதழ்கள் பலவற்றின் பிணைத் தொகையை விழுங்கிற்று. ஆளுவோரைத் தாக்கிய எழுத்திற்குச் சிறை. அயலானின் அந்தரங்கத்தை விற்ற எழுத்திற்கு, யாரேனும் செல்வாக்குடையார் விண்ணப்பித்தால் மட்டும், உரிம நீக்கம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், அரசு அச்சத்தக்கதாகக் கருதியது எது என்பது தெளிவாகும். உரிமத்தைப் பறித்தமை அறமோ அன்றோ, அது நீதிமன்றத்தில் உண்மை எது, பொய் எது என்று பிரித்துக் காட்டும் வாய்ப்பையும் உடன் பறித்தது. நடிகர்மேல் எழுதப்பட்டவை பொய் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. அவை அடக்கப்பட்டன, அவ்வளவே. அடக்கப்பட்ட சொல் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைப்பது மக்கள் இயல்பு.

1944 நவம்பர் 8-ஆம் நாள், தம் வழக்கறிஞரைக் கண்டு கைரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த இலட்சுமிகாந்தன் கத்தியாற் குத்தப்பட்டார். மறுநாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் பாகவதரும் கிருஷ்ணனும் சிறைப்பட்டனர். 'ஹரிதாஸ்' அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாயகன் காவலில் இருந்தான். இத்தகைய முரண் ஒன்று வாய்த்தால் நாளிதழ்கள் விடுவனவா?

விடவில்லை. நாம் ஊன்றிக் காணவேண்டிய இடம் இதுவே. பலரும் இவ்வழக்கை ஓர் இழிந்த இதழாளன் தன் எழுத்தின் பயனைத் துய்த்த கதையாகவே கூறுவர். எமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இலட்சுமிகாந்தனின் தாள் அவன் இறப்போடு முடிந்தது. அவன் எதனை விற்றானோ அதனையே, அவன் இறப்பின் பின், உயர்ந்தோர் எனப்பட்ட இதழ்களும் விற்கத் தலைப்பட்டன. வேறுபாடு ஒன்றே: அவன் வதந்தியின் பெயரால் எழுதினான்; இவர்கள் நீதிமன்ற நடவடிக்கை என்னும் தலைப்பின்கீழ் எழுதினர். சாட்சியின் வாய்மொழியை அப்படியே அச்சிடல் சட்டத்திற்கு உட்பட்டது. உயர்நீதிமன்ற வளாகத்தில் மக்கள் திரண்டனர். சாட்சி சொன்னதும், குறுக்கு விசாரணையில் அது சிதைந்ததும், மாலையில் திண்ணைதோறும் பேசப்பட்டன. காலையில் வந்த தாளைக் கேட்டவர்க்கு முதற் பாதியே நினைவில் நின்றது.

வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் நடுவர் குழுவோடு நடைபெற்றது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பொருட்டுப் பம்பாயிலிருந்து கே.எம். முன்ஷி வந்து வாதிட்டார். அரசுத் தரப்பின் வழக்கு, உடந்தையாயிருந்து பின் அரசுச் சாட்சியாக மாறியவனின், அக்காலத் தமிழில் அப்ரூவரின், வாக்குமூலத்தைப் பெரிதும் சார்ந்திருந்தது. 1945 மே 3-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் வாழ்நாள் முழுதும் தீவாந்தரம்.

நடுவர் என்போர் சென்னை நகரத்துக் குடிமக்களே. அவர்களும் இதழ் படிப்பவர்களே, படம் பார்ப்பவர்களே, பார்க்காதவராயின் பார்க்கலாகாது என்னும் கொள்கையுடையவர்களே. பாகவதரின் பட்டுச் சட்டையையும் கடுக்கனையும் அறியாதார் அன்று நகரில் இல்லை. இலட்சுமிகாந்தனின் தாள் இரண்டாண்டுகளாக ஊருக்குக் கற்பித்த பாடம், திரையுலகத்தார் எதற்கும் துணிந்தவர் என்பது. அந்தப் பாடத்தை மனத்திற்கொண்டே நடுவர் முடிவு செய்தனர் என்று நாம் கூறுதல் கூடாது. அவ்வாறு கூறின் நாமும் இலட்சுமிகாந்தனின் மாணாக்கர் ஆவோம். ஆனால் அப்பாடத்தைக் கேளாத செவி அந்நகரில் அரிது என்று கூறுதல் மிகையாகாது. ஒப்பு நோக்க, 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கைக் கருதலாம். அங்கே 'பிளிட்ஸ்' என்னும் வார இதழ் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஆதரவாகக் கொடி பிடித்தது. நடுவர் எண்மர் ஒருவரென்னும் கணக்கில் குற்றவாளி அல்லர் என்றனர். உயர்நீதிமன்றம் அதனை மாற்றித் தண்டித்தது. 1961-இல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. சென்னையில் நடுவர் குற்றவாளி என்றனர், மேல்மன்றம் இறுதியில் இல்லை என்றது, பம்பாயில் நேர்மாறு. திசை வேறாயினும், இரண்டிடத்தும் வழக்கு மன்றத்திற்கு வருமுன்னரே ஊர் ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

மேல்முறையீட்டின் வரலாறு சட்டம் பயில்வார்க்கு நன்கு தெரிந்தது; தமிழ் பயில்வார்க்குச் சற்று விளக்குதல் வேண்டும். உயர்நீதிமன்றமே நேராக விசாரித்த குற்ற வழக்கில் நடுவர் முடிவை எதிர்த்து முறையிடும் வழி முன்னர்க் குறுகியதாயிருந்தது. 1943-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் குற்ற விசாரணை முறைத் தொகுப்பில் 411-ஏ என்னும் பிரிவைப் புகுத்தி, சட்டப் பொருளோடு நிகழ்ச்சிப் பொருளிலும் முறையிடலாம் என வழி திறந்தது. இலட்சுமிகாந்தன் வழக்கு இப்பிரிவின் கீழ் வந்த தொடக்ககால வழக்குகளுள் ஒன்று. தலைமை நீதிபதி லீச் தலைமையிலான அமர்வு 1945-இல் முறையீட்டைத் தள்ளிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. அம்மன்றம் முறையீட்டை மறுபடியும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பிற்று. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் மீண்டும் விசாரித்து, 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தனர். அவர் இருவர் வாழ்விலும் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சிறையிற் கழிந்திருந்தது.

முறையீட்டுக்குப் பொருள் வேண்டும். டி.ஏ. மதுரம் அம்மையார், எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலியோர் நாடகக் குழுவைச் சிதையாமற் காத்தனர். 'பைத்தியக்காரன்' (1947) என்னும் படமும் எடுக்கப்பெற்றது. அதனை இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சு இருவரும் கோவைக் கந்தன் ஸ்டூடியோவில் தொழில் பயின்று, 'பூம்பாவை' (1944) என்னும் படத்தால் அறிமுகமானவர்கள். சிறையிலிருந்து மீண்ட கலைவாணர் அப்படத்திலேயே நடித்தார். ஒரு குடும்பம் தன் தலைவனை மீட்கத் தான் அறிந்த ஒரே தொழிலையே கருவியாகக் கொண்டமை எம்மை உருக்குகின்றது. பரபரப்புச் செய்திகளின் தொகுப்பில் இதற்கு அரை வரி கிடைத்தல் அரிது.

விடுதலைக்குப் பின் இருவர் வழியும் பிரிந்தன. கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951), 'பணம்' (1952) என வேகமாகத் தொடர்ந்தார். நகைச்சுவையாளனை மக்கள் விரைவில் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொண்டனர். பாகவதருக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. 'ராஜமுக்தி' (1948) முதலாக அவர் நடித்த படங்கள் முன்போல் ஓடவில்லை. ரசனை மாறிவிட்டது என்பது ஒரு விடை, அது பொய்யன்று. உரையாடலை முதன்மையாகக் கொண்ட படங்களின் காலம் தொடங்கியிருந்தது. அதற்கு வித்திட்ட இடங்களுள் ஒன்றும் கோவையே. 1947-இல் 'ராஜகுமாரி' சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் எடுக்கப்பட்டது, எம்.ஜி.ஆர். கதைத் தலைவனாகவும் மு. கருணாநிதி உரையாடலாசிரியராகவும் அடியெடுத்து வைத்த படம் அது. எனினும் தெய்வத்தைப் பாடிய வாய் என்று பாகவதரைப் போற்றிய மக்களுக்கும் அவருக்கும் இடையே, நீதிமன்றம் நீக்கியும் நீங்காத ஒன்று வந்து நின்றுவிட்டது என்றே கருதுகின்றோம். பாத்திரமும் நடிகனும் ஒருவனே என்று நம்பும்படி செய்த புகழுக்கு இது கொடுத்த விலை. கிருஷ்ணன் 1957 ஆகஸ்டு 30-ஆம் நாளும், பாகவதர் 1959 நவம்பர் 1-ஆம் நாளும் மறைந்தனர். ஐம்பதை எட்டியவர் இருவருள் ஒருவரும் இலர்.

ஸ்ரீராமுலு நாயுடுவின் பிற்காலம் கோவையின் வரலாறு. பட்சிராஜா ஸ்டூடியோவிலிருந்து 1954-இல் 'மலைக்கள்ளன்' வெளிவந்தது. மோகனூரிற் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல் அது. எனவே கதையும் கொங்கு, களமும் கொங்கு. சிறந்த தமிழ்ப்படத்திற்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்ற முதற்படம் அதுவே. தெலுங்கில் 'அக்கி ராமுடு', இந்தியில் 'ஆசாத்' (1955), கன்னடத்தில் 'பெட்டத கள்ள', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்' என அக்கதையையே நாயுடு மொழிதோறும் எடுத்தார், சிங்களத்திலும் வந்தது. ஊரார் கள்வன் என்று தூற்றும் ஒருவன் உண்மையில் நல்லோன் என்பது அக்கதையின் உட்பொருள். குற்றக் கூண்டில் நின்று மீண்ட ஒருவர் இக்கதையை இத்தனை மொழிகளில் விடாது சொன்னார் என்பதைக் குறிக்கின்றோம். இதனினும் மேலே சென்று பொருள் கொள்ளுதல் ஆய்வாளர்க்கு அழகன்று; நன்கு ஓடும் கதையைப் பலமுறை எடுத்தல் வணிகர் எவரும் செய்வதே.

இனி, மொழித்துறையினராகிய நமக்கு உரிய பகுதிக்கு வருவோம்.

இத்தகைய தாள்களைக் குறிக்க 'மஞ்சள் பத்திரிகை' என்னும் தொடர் தமிழில் வழங்குகின்றது. இது நியூயார்க்கில் 1890-களில் புலிட்சர், ஹெர்ஸ்ட் இருவர்தம் நாளிதழ்களிடையே நடந்த போட்டியில், மஞ்சட் சட்டைச் சிறுவன் ஒருவனைக் கொண்ட கேலிச் சித்திரத்திலிருந்து பிறந்த ஆங்கில வழக்கின் நேர்ப் பெயர்ப்பு. ஈரோட்டுச் சந்தையில் மஞ்சளை மலையாகக் குவித்து விற்கும் கொங்கு நாட்டார்க்கு மஞ்சள் மங்கலப் பொருள். திருமண ஓலையின் மூலைக்குப் பூசுவது. ஆயினும் கடன் தீர்க்க இயலாதவன் கொடுக்கும் அறிவிப்பை 'மஞ்சக் கடுதாசி' என்பதும் தமிழ் வணிகர் வழக்கே. பத்திரிகைக்கு அடையாக வந்த மஞ்சள் முதலாவதைவிட இரண்டாவதற்கே உறவாகத் தோன்றுகின்றது.

சொல் புதிது, பொருள் பழையது. பிறர் காதலைப்பற்றி ஊரார் பேசும் பேச்சை நம் முன்னோர் அம்பல், அலர் என இரண்டாகப் பகுத்தனர். வாய்க்குள் முணுமுணுக்கப்படுவது அம்பல், அரும்பு போன்றது. வெளிப்பட விரிந்தது அலர், மலர் போன்றது. திருக்குறளில் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அலர் காதலைத் தடுப்பதற்கு மாறாக வளர்ப்பதாகக் காட்டப்படுகின்றது. புறங்கூறாமை என்பதோ அறத்துப்பாலில் வேறோர் அதிகாரம். ஒரே ஆசிரியர் ஊர்ப்பேச்சை ஓரிடத்துச் சுவையாகவும் மற்றோரிடத்து இழிவாகவும் கூறியது எவ்வாறு? இதற்கு விடை தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது என்பது எம் கருத்து. அன்பின் ஐந்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அங்கு வகுத்த நெறி. அகப்பாட்டில் அலர் தூற்றப்படுபவள் ஒரு தலைவி. அவள் பெயர் யார்க்கும் தெரியாது. ஆதலின் அவளைப்பற்றி எத்துணைப் பேசினும் ஓர் உயிர்க்கும் ஊறில்லை. பெயர் சுட்டியவுடன் பாட்டு அகத்தின் நீங்கிப் புறமாகின்றது. இலட்சுமிகாந்தன் செய்தது வேறொன்றன்று. அகத்திற்குரிய பொருளை எடுத்துப் பெயரைச் சேர்த்து வாரந்தோறும் விற்றான்.

இக்கருத்தை இலக்கியக் கற்பனை என்று தள்ளுவார்க்கு, சட்டமும் பின்னர் இவ்வழியே வந்தமையைக் காட்டலாம். சென்னை அரசு 1960-இல் தண்டனைச் சட்டத்தில் 292-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, இழிதகவான எழுத்தையும் அச்சுறுத்திப் பொருள் பறிக்கும் நோக்கமுடைய எழுத்தையும் தனிக் குற்றமாக்கிற்று. இலட்சுமிகாந்தன் இறந்து பதினாறாண்டுகளின் பின் வந்த சட்டம் அது. 1994-இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது குறித்த வழக்கில், ஒருவன் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையையும், பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட இதழுக்குள்ள உரிமையையும் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. அதே தீர்ப்பு, வெளிவருமுன்னரே அரசு தடுத்தல் கூடாது என்றும் கூறிற்று. ஆளுநரின் கையெழுத்தில் இதழ் நின்ற 1940-களோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. பாலியற் கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடலாகாது என்பது 1983 முதல் 228-ஏ பிரிவாக இருந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றது.

தொலைக்காட்சி வந்தபின் நிலை யாது எனின், கொங்கு நாடே இரண்டு சான்றுகளைத் தருகின்றது. 2000-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் சத்தியமங்கலத்தை அடுத்த தாளவாடி மலைப்பகுதியின் தொட்டகாசனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். 108 நாள் இரு மாநிலங்களும் காட்டிலிருந்து வரும் ஒலி, ஒளி நாடாக்களுக்காகக் காத்திருந்தன. செய்தியாளராகிய 'நக்கீரன்' கோபால் அரசின் தூதராகக் காட்டுக்குச் சென்றார். செய்தி சொல்பவர் செய்தியின் உறுப்பாகவே மாறிய நிலை இது. உயிர் காக்கும் பணி என்று போற்றியவரும் உளர். கொள்ளைக்காரனுக்குப் புகழ் தேடிக் கொடுத்தார் என்று குறை கூறியவரும் உளர். 2003-இல் அவர் பொடாச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டார். இலட்சுமிகாந்தனோடு அவரை ஒப்பிடுதல் தவறு. ஒருவர் காட்டிற்குள் நடந்தார், மற்றவர் படுக்கையறைக் கதவில் காது வைத்தார். ஆனால் காடும் மலையும் மக்களும் அத்திரையில் வீரப்பனின் பின்னணியாகச் சுருங்கின. தேடுதல் வேட்டையில் துன்புற்ற மலைவாழ் மக்களின் கூற்றுக்கு அவன் மீசைக்குக் கிடைத்த அளவு நேரம் கிடைக்கவில்லை.

மற்றது, 2019-இல் வெளிப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமை. அதில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிட்டது மஞ்சள் இதழன்று. காவல்துறை அலுவலர் வாயிலாகவும் அரசாணை வாயிலாகவும் அது வெளிவந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனைக் கண்டித்தது. காணொளியின் துணுக்கு ஒன்றன் ஒலி திரும்பத் திரும்ப ஒலிபரப்பப்பட்டதை அந்நாளில் தமிழ்நாட்டில் கேளாதார் இலர். குற்றவாளிகளைத் தேடும் சினம் நேர்மையானதே. ஆனால் அவ்வோலம் எவளுடையதோ அவள் அதனை எத்தனை முறை கேட்டிருப்பாள்? 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பதின்மருக்குச் சாகும்வரைச் சிறை விதித்தது. பெயர் சுட்டாமலே, முகம் காட்டாமலே சாட்சியம் சொல்லிய பெண்களால் அத்தீர்ப்பு கிடைத்தது.

கொங்கு நாட்டு இதழியலுக்கு வேறொரு மரபும் இருந்தது. ஈரோட்டிற் பிறந்த சே.ப. நரசிம்மலு நாயுடு (1854-1922) 'கோயமுத்தூர் கலாநிதி' முதலிய இதழ்களை நடத்திச் சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டுமென வாதிட்டார். ஒரு நகரம் என்ன நீர் குடிக்கின்றது என்பதைச் செய்தியாகக் கருதியவர் அவர். அத்தகைய செய்திக்கு அன்றும் கூட்டம் கூடியிராது. சிறுவாணி நீர் கோவைக்கு வந்தது அவர் மறைந்த பின்னரே.

நம் துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இலட்சுமிகாந்தன் வழக்கைப்பற்றி இன்று எழுதப்படும் நூல்களும் கட்டுரைகளும், அவன் இதழிலிருந்த வதந்திகளைச் சுவைக்காக எடுத்து, 'கூறப்படுகிறது' என்னும் ஒரு சொல்லை ஒட்டி, வரலாறாக வழங்குகின்றன. அடிக்குறிப்பு இட்டதனால் அலர் ஆவணம் ஆகிவிடாது. திரைப்பட வரலாற்றை ஆய்வோர் முதலில் நாடவேண்டியவை தீர்ப்பின் வாசகம், பாட்டுப் புத்தகங்கள், ஸ்டூடியோக் கணக்கேடுகள், அரங்க உரிமங்கள் ஆகியவை. கோவையில் அவ்வகைத் தாள்கள் பழைய குடும்பங்களின் பரண்களிலேயே கிடக்கின்றன. கரையான் நம்மை முந்திக்கொள்கின்றது.

சட்ட நூலகங்களில் தியாகராஜ பாகவதர் எதிர் பேரரசர் என்னும் வழக்கு 411-ஏ பிரிவின் விளக்கத்திற்காக நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. அதனைப் புரட்டிய வழக்கறிஞர் பலர்க்கு அப்பெயருடையவர் பாடுபவர் என்பதும் நினைவிற்கு வந்திராது. 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைத் தொகுப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை; நடுவர் குழுவும் இடம்பெறவில்லை.